மல்லத்தஹள்ளியில் விடிய விடிய ஒரு நாவல்

பெங்களூரை ஒரே நகரம் என்று தேசப்படம் காட்டும். ஆயினும், இங்கே இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருந்து வரும் நம்மவரில் பலருக்கு அது இரண்டு நகரங்களாகவே இருந்து வந்திருக்கிறது. கப்பன் பூங்காவுக்குக் கிழக்கே தண்டுப் பகுதி. மேற்கே பேட்டைப் பகுதி. வெள்ளையரின் படைமுகாமாக இருந்த தண்டும், மைசூர் அரசுக்கு உட்பட்ட பழைய நகரமும் 1949ஆம் ஆண்டில்தான் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தன. படைமுகாமின் வேலைகளை நாடி வந்த நம் முன்னோர் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் மர்பி டவுனிலும் தங்கினர். பின்னர் ஆலைத் தொழிலை நம்பி வந்தோர் ஸ்ரீராமபுரம் முதலிய இடங்களில் குடியேறினர். அவரவர் தங்கிய தெருவே அவரவர்க்குப் பெங்களூர் ஆயிற்று.

வேலை நிமித்தமாகவும் வாணிகம் நிமித்தமாகவும் நாம் நகரெங்கும் அன்றாடம் சென்று வருகிறோம். சந்தையில் கன்னடம் பேசுகிறோம். பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள். ஆனால் மாலையில் பொழுதுபோக்குக்காக எங்கே செல்கிறோம் என்று பார்த்தால், தமிழ்த் திரைப்படம், தமிழ்ப் பட்டிமன்றம், தமிழ் இன்னிசைக் கச்சேரி என்னும் வட்டத்துக்குள்ளேயே நிற்கிறோம். ஜே.சி. சாலையில் 1960களில் எழுந்த ரவீந்திர கலாக்ஷேத்திரத்தைக் கடந்து ஆயிரம் தடவை பேருந்தில் போயிருப்போம். உள்ளே சென்று நாடகம் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? ஜே.பி. நகரில் 2004இல் திறக்கப்பட்ட ரங்க சங்கரா அரங்கைப் பற்றிப் பேச்செடுத்தால், “அது எந்தப் பேருந்து நிறுத்தம்?” என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நம் சங்கத்தைச் சேர்ந்த நான்கு குடும்பத்தினர், சிறுவர் உட்படப் பதினோரு பேர், கன்னட நாடகம் ஒன்றைக் காண்பதற்காக நகரின் மேற்குக் கோடிக்குச் சென்று ஓர் இரவு முழுவதும் கண்விழித்துத் திரும்பினோம். அங்கே கண்டதையும், அதைவிட முக்கியமாக அங்கே கூடியிருந்தோர் சொல்லக் கேட்டதையும் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறோம். நாடகத்துக்கு நிகராக அபிப்பிராயங்களும் சுவையாக இருந்தன என்று சொன்னால், அத்தனை பாடுபட்ட நடிகர்கள் எங்களை மன்னிக்க வேண்டும்.

நாடகத்துக்கு மூலமான நாவல் ‘மலெகளல்லி மதுமகளு’. மலைகளில் மணமகள் என்பது பொருள். எழுதியவர் குவெம்பு. 1904இல் பிறந்து 1994இல் மறைந்த இப்பெருங்கவிஞரின் முழுப்பெயர் குப்பள்ளி வெங்கடப்ப புட்டப்பா. கன்னடத்துக்கு முதல் ஞானபீடப் பரிசைத் தேடித் தந்தவர் இவரே. 2004இல் கர்நாடகத்தின் மாநிலப் பாடலாக ஏற்கப்பட்டதும் இவர் இயற்றிய பாடலே. அதைப் பள்ளியில் பாடுகின்ற நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இயற்றியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் விழிப்பார்கள்.

‘மலெகளல்லி மதுமகளு’ 1967இல் வெளிவந்தது. ஏறத்தாழ 700 பக்கங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், துங்கை ஆறு பாயும் தீர்த்தஹள்ளிச் சீமையின் மலைக்காட்டு வாழ்க்கையைச் சொல்வது. இதில் தனிக் கதாநாயகன் இல்லை. நாயோடு காட்டில் அலையும் பண்ணையாள் குத்தியும், அவன் கூட்டிச் செல்லும் திம்மியும் ஓர் இணை. செல்வக் குடியில் பிறந்த முகுந்தய்யாவும் சின்னம்மாவும் ஓர் இணை. மலையிறக்கத்துக்குக் கீழேயிருந்து கூலி வேலைக்கு வந்த ஐதனும் பிஞ்சலுவும் ஓர் இணை. யாருடைய கதைக்கு யாருடைய கதை கிளை என்று சொல்ல முடியாதபடி, ஆசிரியர் எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறார். விருப்பமில்லாத திருமணத்துக்கு அஞ்சி, நள்ளிரவில் பிஞ்சலுவின் துணையோடு காட்டுக்குள் ஓடுகிறாளே சின்னம்மா, அவளை முன்னிட்டே நாவலுக்குப் பெயர் அமைந்தது என்பர். ஆனால் படித்து முடித்தவர்களைக் கேட்டால், முதலில் குத்தியின் நாயைப் பற்றித்தான் பேசுகிறார்கள்!

இத்தனை பெரிய நூலை மேடையேற்றலாம் என்று துணிந்தவர் இயக்குநர் சி. பசவலிங்கய்யா. நாடக வடிவம் தந்தவர் பேராசிரியர் கே.ஒய். நாராயணசுவாமி. இசை ஹம்சலேகா. பி.வி. காரந்தர் முதல் இயக்குநராக இருந்து 1989இல் தொடங்கப்பட்ட மைசூர் ரங்காயணத்தில், 2010ஆம் ஆண்டில் இந்நாடகம் முதன்முதல் அரங்கேறியது. 2013 முதல் பெங்களூரில் மல்லத்தஹள்ளிக் கலாகிராமத்தில் பலமுறை நடைபெற்றது. இரவு எட்டரை மணி அளவில் தொடங்கி விடியற்காலையில் முடியும். ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். நான்கு திறந்தவெளி மேடைகள். ஒரு மேடையில் ஒரு பகுதி முடிந்ததும் கூட்டம் முழுவதும் எழுந்து அடுத்த மேடைக்கு நடந்து செல்ல வேண்டும்.

இதைக் கேள்வியுற்றபோது எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி ஏற்பட்டது. ஒன்பது மணி நேரம் யார் உட்காருவார்கள் என்பது ஒரு கட்சி. அந்த நேரத்தில், அந்த இடத்தில், அந்தக் கூட்டத்தில் நாம் போய் உட்காரலாமா என்பது மற்றொரு கட்சி. இரண்டாவது கட்சியின் தயக்கத்தை வெளிப்படையாகவே எழுதிவிடுவது நல்லது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி 1991 டிசம்பரில் இந்நகரில் தமிழ்க் குடும்பங்கள் பட்ட துன்பத்தை அனுபவித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2016 செப்டம்பரில் எரிந்த பேருந்துகளை இளைஞர்களும் பார்த்திருக்கிறார்கள். எங்களுடன் வந்த மூதாட்டி ஒருவர், 1991க்குப் பிறகு இருட்டிய பின் தம் பேட்டையை விட்டு வெளியே கிளம்புவதே இல்லை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். அவருடைய பேத்தி, கல்லூரியில் கன்னடத்தை மொழிப்பாடமாக எடுத்துப் படிப்பவள், “பாட்டி, நீங்கள் வரவில்லை என்றால் நானும் போகவில்லை” என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிடிவாதம்தான் எங்கள் பயணத்தை முடிவு செய்தது.

அல்சூரிலிருந்து மல்லத்தஹள்ளிக்குச் செல்வது நகரத்தை முழுமையாகக் குறுக்கே கடப்பதாகும். மாலை நேரத்து நெரிசலில் எங்கள் வேன் மைசூர்ச் சாலையை அடைவதற்குள் சிறுவர்கள் புளியோதரைப் பொட்டலங்களில் பாதியைத் தீர்த்துவிட்டார்கள். பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்தை நெருங்கியதும் காற்றின் தன்மையே மாறிவிடுகிறது. மரம் அடர்ந்த இடம். அதை அடுத்தே கலாகிராமம். கன்னட எழுத்துலகின் இரு பெரியவர்களுக்கு, 2013இல் மறைந்த ஜி.எஸ். சிவருத்திரப்பாவுக்கும் 2014இல் மறைந்த யு.ஆர். அனந்தமூர்த்திக்கும், இறுதிச் சடங்கு நடைபெற்ற இடம் இது என்பதை வழியிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு போனோம். எழுத்தாளர்களுக்கு எரியூட்டிய நிலத்தில் நாடகமும் நடத்துகிறார்களே என்று மூதாட்டி சற்றே முகம் சுளித்தார். “சுடலையில் ஆடுகிற கடவுளைத்தானே பாட்டி கும்பிடுகிறீர்கள்!” என்று பேத்தி உடனே விடை சொன்னாள். வேனில் எழுந்த சிரிப்பு அடங்கவே சிறிது நேரமாயிற்று.

நாங்கள் எதிர்பார்த்ததற்கு மேல் கூட்டம். பாயும் போர்வையும் தலையணையும் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். கைக்குழந்தைகள் இருந்தன, கோல் ஊன்றிய முதியோர் இருந்தனர், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து நேரே வந்துவிட்ட இளைஞர் கூட்டமும் இருந்தது. கிராமத்துத் திருவிழாவையும் ரயில் நிலையத்தையும் ஒருங்கே நினைவூட்டும் காட்சி. நாங்கள் தமிழில் பேசிக்கொண்டே இடம் பிடித்து அமர்ந்தோம். அருகில் இருந்த ஒரு குடும்பத்தார் தம் பாயைச் சற்று இழுத்து எங்களுக்கு இடம் விட்டு, சிறுவனைப் பார்த்து, “தூக்கம் வந்தால் எங்கள் பக்கம் சாய்ந்துகொள்ளட்டும்” என்றார்கள். மூதாட்டியின் கையிலிருந்த பை அப்போதுதான் தரையில் இறங்கிற்று.

முதல் அரை மணி நேரம் மொழி எங்களைத் திணற அடித்தது. சந்தைக் கன்னடம் இங்கே செல்லாது. மலைநாட்டுப் பேச்சு, அதுவும் நூறாண்டுக்கு முந்திய பேச்சு. ஆனால் ஒரு சூத்திரத்தைக் கைக்கொண்டால் பாதிக் கதவு திறந்துவிடுகிறது. கன்னடத்தில் சொல்லின் முதலில் வரும் ‘ஹ’கரத்தை எடுத்துவிட்டு அங்கே ‘ப’கரத்தை வைத்துப் பாருங்கள். ஹாலு பாலாகும், ஹூவு பூவாகும், ஹெண்ணு பெண்ணாகும், ஹல்லு பல்லாகும், ஹள்ளி பள்ளியாகும். குத்தியின் நாய்க்கு ஹுலியா என்று பெயர். “அட, நம் புலி!” என்று எங்கள் சிறுவன் கூவினான். அதன் பிறகு அவன் உறங்கவே இல்லை. அந்த நாய்க்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காகவே விடியும்வரை விழித்திருந்தான். மொழி தெரியாத நமக்குத்தான் இந்தத் திண்டாட்டம் என்று நினைத்திருந்தோம். பக்கத்தில் இருந்த பெங்களூர்க் கன்னடக்காரர் ஒருவர், தமக்கும் பத்தில் மூன்று சொல் விளங்கவில்லை என்று மெல்லிய குரலில் கூறியபோது எங்களுக்கு ஏற்பட்ட ஆறுதலை என்னென்பது!

முதல் மேடையிலிருந்து இரண்டாம் மேடைக்கு நடக்கும்போதுதான் அபிப்பிராயங்கள் பிறக்கத் தொடங்கின. அரங்கத்துக்குள் நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் நாடகத்தில், இடைவேளையில் அவரவர் தம் கூட்டத்தாரோடு பேசிக்கொள்வதோடு சரி. இங்கே எல்லாரும் எழுந்து ஒரே பாதையில் இருட்டில் நடக்கிறார்கள். முன்னே போகிறவர் சொல்வது பின்னே வருகிறவர் காதில் விழுகிறது. அவர் அதற்கு மறுமொழி சொல்கிறார். யார் யாரோடு வாதாடுகிறார் என்பதே தெரிவதில்லை. இதை இயக்குநர் திட்டமிட்டுச் செய்தாரோ என்னவோ, மேடை மாற்றத்தால் விளைந்த பெரும் பயன் இதுதான்.

மிகுந்த சூடு பறந்தது இசையைப் பற்றிய வாதத்தில். ஓய்வு பெற்ற கன்னட ஆசிரியர் ஒருவர், நாவலை நாலு தடவை படித்தவராம், பாட்டு மிகுதி என்றார். “குவெம்புவின் காட்டில் மழை ஓசை உண்டு, பறவை ஓசை உண்டு, அட்டை கடித்தவன் கத்தும் ஓசையும் உண்டு. இங்கே எதற்கெடுத்தாலும் தாளம் தட்டுகிறார்கள்” என்பது அவர் குறை. ஹம்சலேகா திரைப்பட உலகில் பெயர் பெற்றவர் என்பதையும் அவர் மறைமுகமாகக் குத்திக் காட்டினார். 1987இல் ‘பிரேமலோக’ படத்தின் மூலம் கன்னட நாட்டையே பாட வைத்தவர் அவர். மறு ஆண்டு வெளிவந்த ‘கொடி பறக்குது’ என்னும் தமிழ்ப் படத்துக்கும் இசையமைத்தவர் என்பது நம் வாசகர் சிலருக்கு நினைவிருக்கும். ஆசிரியருக்கு மறுமொழி சொன்னவர் ஒரு கணிப்பொறி நிறுவனத்து இளைஞர். தாம் நாவலைப் படித்ததில்லை என்றும், 700 பக்கத்தை இனிமேலும் படிக்கப் போவதில்லை என்றும், இந்தப் பாட்டு இல்லாவிட்டால் குத்தி என்று ஒருவன் இருந்ததே தமக்குத் தெரிந்திராது என்றும் கூசாமல் கூறினார். ஆசிரியர் திகைத்துப் போனார். இருவருக்கும் நடுவே நடந்து வந்த ஷிவமொக்கா மாவட்டத்துப் பெண்மணி ஒருவர் சொன்னது வேறு: தம் பாட்டி நாற்று நடும்போது பாடிய மெட்டின் சாயல் ஓரிடத்தில் வந்ததாகவும், அது வந்த ஐந்து நிமிடத்துக்காகவே தாம் மூன்றாம் தடவையாக வந்திருப்பதாகவும் சொன்னார்.

எங்கள் தீர்ப்பு என்ன என்று வாசகர் கேட்கலாம். பாட்டு மிகுதிதான். குறிப்பாக இரண்டாம் மேடையில், சோகம் ஊன்றி நிற்க வேண்டிய ஓரிரு இடங்களில் மேளம் முந்திக்கொண்டு விட்டது. ஆயினும், நாவலில் ஆசிரியர் பக்கம் பக்கமாக வருணிக்கும் காட்டை மேடையில் எதைக் கொண்டு காட்டுவது? நட்டு வைத்த மரமும் தீட்டிய திரையும் ஒரு எல்லைவரைதான் உதவும். அதற்கப்பால் பாட்டைத் தவிர வழியில்லை. ஊர் ஊராகச் சென்று கதை சொல்லிப் பிழைக்கும் ஜோகிகளைப் போன்ற நாடோடிப் பாடகர்களைக் கதையை நடத்திச் செல்ல வைத்திருப்பது சாமர்த்தியமான ஏற்பாடு. அவர்கள் வாயில் பாட்டு வருவது இயல்பாக இருக்கிறது. ஹெக்கடே வீட்டுக் கூடத்தில் பாட்டு வரும்போதுதான் சற்று உறுத்துகிறது.

மேல்நாட்டிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட ‘லே மிசராப்ளே’ நாவலை, நம் நாட்டில் ‘ஏழை படும் பாடு’ என்று அறியப்பட்ட அதே கதையை, இசை நாடகமாக்கி 1980இல் பாரிசிலும் 1985 அக்டோபரில் லண்டனிலும் மேடையேற்றினார்கள். லண்டன் பத்திரிகை விமரிசகர்களில் பலர், பேரிலக்கியத்தைப் பாட்டுக் கச்சேரி ஆக்கிவிட்டார்கள் என்று கண்டித்தனர். ஆனால் மக்களோ டிக்கெட் வாங்க வரிசையில் நின்றார்கள். அந்நாடகம் அதன்பின் பல பத்தாண்டுகள் லண்டனில் நடந்தது. மல்லத்தஹள்ளியின் இருட்டுப் பாதையில் ஓய்வு பெற்ற ஆசிரியரும் கணிப்பொறி இளைஞரும் நடத்தியது அந்த வழக்கின் மறு விசாரணையே.

நேரத்தைப் பற்றிய முறையீட்டுக்கு எங்கள் குழுவிலிருந்த பெரியவரே பதில் சொல்லிவிட்டார். அவர் திருவண்ணாமலைப் பக்கத்தவர். இரவு இரண்டு மணிக்கு இளைஞர்கள் சிலர் கொட்டாவி விடுவதைக் கண்டு, “பாரதக் கூத்து பார்த்தவனுக்கு இது என்ன பிரமாதம்? எங்கள் ஊரில் பத்து நாளுக்கு மேல் ராத்திரி ராத்திரி நடக்கும். காலையில் துரியோதனன் படுகளம் பார்த்துவிட்டுத்தான் ஏர் பூட்டப் போவோம்” என்றார். எங்களுக்கு இடம் கொடுத்த குடும்பத்துத் தலைவர் இதைக் கேட்டு மிகவும் மகிழ்ந்து, தங்கள் பக்கத்து யட்சகானமும் அப்படித்தான் விடிய விடிய நடக்கும் என்று சொன்னார். அவ்விருவரும் அதற்குப் பிறகு மேடையைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கூத்துக்கும் யட்சகானத்துக்கும் கிரீடம் கட்டும் முறையில் என்ன வேறுபாடு என்று ஒருவருக்கொருவர் கைகளால் காட்டிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் டிக்கன்ஸின் ‘நிக்கலஸ் நிக்கல்பி’யை 1980இல் எட்டரை மணி நேர நாடகமாக்கியதும், 1985இல் பிரெஞ்சு நாட்டு அவீஞோனில் ஒரு கல்லுடைக்கும் பாறைக்குழியில் பீட்டர் புரூக் ஒன்பது மணி நேர மகாபாரதத்தை நடத்தியதும் உலக அதிசயங்களாகப் பேசப்பட்டன. செய்யாற்றுக் கரையில் அது உழவனின் பொழுதுபோக்கு.

நாடகத்தில் சிரிப்புக்கும் குறைவில்லை. பாதிரியாரின் சைக்கிள் மலைநாட்டுக்குள் வரும் கட்டத்தில் கூட்டம் குலுங்கிச் சிரித்தது. சைக்கிளையே கண்டிராத அந்த மக்கள், இரண்டு சக்கரங்களைத் திரிகைக் கற்களாக எண்ணி, அதைத் ‘திரிகைக்கல் சவாரி’ என்கிறார்கள். எங்கள் சிறுவன் ‘திரிகை என்றால் என்ன?’ என்று கேட்டான். சைக்கிளைப் பார்த்துத் திரிகை என்ற காலம் போய், திரிகையை விளக்கச் சைக்கிளைக் காட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது.

மூன்றாம் மேடைக்கு முன்பு தேநீர் குடிக்க அமர்ந்தபோது மூதாட்டி வாய் திறந்தார். அதுவரை அவர் எதுவும் பேசவில்லை. உறங்குகிறார் என்றே நினைத்திருந்தோம். “அந்தப் பிஞ்சலுப் பெண் எந்த ஊர்?” என்று கேட்டார். மலையிறக்கத்துக்குக் கீழே, துளு நாட்டுப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக மலைமேல் வந்தவள் என்று பேத்தி சொன்னாள். “அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவளுக்கு அந்த ஊரில் ஒருவரும் இல்லை. ஆனால் எஜமானி வீட்டுப் பெண் ஓட வேண்டி வந்தபோது, காட்டு வழி அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. வேலைக்காரிக்குத்தான் ஊரின் எல்லா வழியும் தெரியும்” என்றார். அவர் தம் பன்னிரண்டாம் வயதில், வேலூர்ப் பக்கத்திலிருந்து, இந்நகரின் ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்தவர் என்பதை அன்று இரவுதான் அவர் பேத்தி முதன்முறையாகக் கேட்டறிந்தாள். நாங்களும் அப்போதுதான் அறிந்தோம்.

இந்த நாவலைப் பற்றிக் கன்னடத் திறனாய்வாளர் எழுதியவற்றுள் சிலவற்றை நாங்கள் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு போயிருந்தோம். நிலவுடைமை, சாதி, கிறிஸ்தவ சமயத்தின் வருகை என்றெல்லாம் அவை விரியும். ஆனால், பிழைக்க வந்தவளின் கண்கொண்டு அக்கதையை எங்களுக்குக் காட்டியவர் அந்த மூதாட்டியே.

பேத்திக்கோ வேறு ஒரு கேள்வி. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய ‘பொன்னியின் செல்வ’னைச் சென்னையில் மேஜிக் லாண்டர்ன் குழுவினர் 1999இல் நாடகமாக்கினார்கள், 2014இலும் அது மேடையேறியது. நம்மவர் பெருமையோடு கண்டு களித்தார்கள். அதற்கு வெகு முன்பே வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’வை டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையில் நடித்தார்கள். 1935இல் அது திரைப்படமும் ஆயிற்று. ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவல்களும் அக்காலத்து நாடகக் கொட்டகைகளை நிரப்பியவையே. “எல்லாம் சரி, ராஜகுமாரன் கதை இருக்கிறது, துப்பறிபவன் கதை இருக்கிறது. குத்தியைப்போல் தீண்டாமைக்கு ஆளான குலத்தில் பிறந்த ஒரு பண்ணையாளை நடுமேடையில் நிறுத்தி, ஒன்பது மணி நேரம் ஒரு நகரமே அவனைப் பார்க்கும்படி நாம் எந்தத் தமிழ் நாவலைப் போட்டிருக்கிறோம்?” என்று அவள் கேட்டாள். தமிழில் அப்படி நாவல்கள் இல்லாமல் இல்லை. ஆண்டு விழாவுக்கு என்ன நாடகம் போடுவது என்று ஒவ்வோர் ஆண்டும் கூடிப் பேசும் நம் சங்கத்துக் குழுவினர் முன் இக்கேள்வியை வைக்கிறோம். குத்தியும் திம்மியும் வரும் காட்சிகளில் சிலவற்றை நகைச்சுவைப் பகுதியாகவே எண்ணிச் சிரித்தவர்களும் அங்கே இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதைக் கண்டு, எங்கள் பின்னால் இருந்த மாணவர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “எதற்காகச் சிரிக்கிறீர்கள்?” என்று உரக்கக் கேட்டார். சிரிப்பு நின்றது. மேடையில் நாடகம் நிற்கவில்லை.

நாலாம் மேடைக்குப் போகும்போது வானம் வெளுக்கத் தொடங்கவில்லை. ஆனால் பறவைகளுக்குத் தெரிந்துவிட்டது. வாதம் செய்தவர்கள் ஓய்ந்துவிட்டார்கள். பலர் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு நடந்தார்கள். துங்கையாற்றுக் காட்சி இறுதியில் வருகிறது. குத்தியும் திம்மியும் வெள்ளத்தைக் கடக்கிறார்கள். ஹுலியா வெள்ளத்தோடு போய்விடுகிறது. கதையில் எத்தனையோ மனிதர்கள் துன்புறுகிறார்கள், சாகிறார்கள்; கூட்டம் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தது. நாய் போனபோது பொறுக்கவில்லை. நாவல் காட்டைக் காட்டவில்லை என்று குறை சொன்ன ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் சிறுவன் அழவில்லை. “புலி நீந்திக் கரையேறியிருக்கும், இருட்டில் அவர்களுக்குத் தெரிந்திருக்காது” என்று திட்டமாகச் சொன்னான். ஆசிரியர் அவனைத் திரும்பிப் பார்த்து, இதைத் தாம் நாலு தடவை படித்தும் யோசிக்கவில்லை என்று கன்னடத்தில் சொன்னார். அவனுக்கு அது விளங்கியது.

இந்நாடகம் ஆண்டு முழுவதும் தொடர்ந்து நடப்பதன்று. இத்தனை நடிகர்களையும் நான்கு மேடைகளையும் சேர்ப்பது அரசின் ஆதரவோடு அவ்வப்போதுதான் கைகூடியிருக்கிறது. ஆகவே அறிவிப்பு வந்தால் தாமதிக்க வேண்டாம். கலாகிராமத்துக்குச் செல்வது முன்னைப்போல் கடினமில்லை. மைசூர்ச் சாலையிலிருந்து கெங்கேரிவரை 2021 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ பாதையில் ஞானபாரதி நிலையம் இருக்கிறது. கம்பளி, பாய், கொசுவுக்குத் தடவும் தைலம் ஆகிய மூன்றும் அவசியம். புளியோதரையைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு போகவும். பக்கத்துப் பாயில் இருப்பவர்கள் கேட்பார்கள். நாவலைக் கன்னடத்தில் படிக்க இயலாதவர்களுக்கு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. பேத்தி இப்போது கன்னட மூலத்தையே பாட்டிக்கு நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் வீதம் படித்துத் தமிழில் சொல்லி வருகிறாள். சென்ற வாரம் விசாரித்தபோது, பிஞ்சலு இன்னும் மலைமேல் ஏறவில்லை என்று மூதாட்டி சலித்துக்கொண்டார்.